தச்சு மூடுன சட்டப்பை

கிழிஞ்சி போனதுக்குத் தச்சதில்ல அது. சட்ட நல்ல சட்ட, பையும் நல்ல பை. தெரேசாதான் ஊசிய எடுத்து, கிறகரி கோயிலுக்குப் போடுற சட்ட அத்தனைக்கும் பை வாய இறுக்கித் தச்சி வச்சா. குண்டசாலையில இருந்து டவுனுக்கு வாற பஸ்ஸில பக்கத்துல இருக்கிறவங்க அந்தத் தையலப் பாப்பாங்க, பாத்துட்டு ஜன்னல் பக்கம் திரும்பிருவாங்க. ஏன் தச்சீங்கன்னு யாரும் வாய் தொறந்து கேக்கல. கேக்காட்டியும் காரணம் இருக்கு. அதச் சொல்லணும்னா மொதல்ல அந்த மனுசனோட பையைப் பத்திச் சொல்லணும்.

கிறகரி கண்டி டவுன்ல ஒரு ஹாட்வெயார் கடையில வேல பாத்தவரு. ஆணி, ஸ்குரூ, பைப் மூட்டு, பூட்டு, எது கேட்டாலும் திரும்பிப் பாக்காமலே கைய நீட்டி எடுப்பாரு. சட்டப்பையில ஒரு பென்சில், கொஞ்சம் துண்டுக் கடதாசி, கடைச் சாவி, எப்பவும் இருக்கும். முக்கியமானது எதுவா இருந்தாலும் அந்தப் பைக்குள்ளதான் போகும். கலியாண வீட்டுல கேக் துண்டு சுத்திக் குடுப்பாங்களே, அத அங்கயே பிரிச்சித் திங்கிற பழக்கம் அவருக்குக் கெடையாது. பையில போட்டு, பஸ் நெரிசல்ல நசுங்காம ஒரு கையால பொத்திப் புடிச்சிக்கிட்டு வந்து தெரேசாகிட்ட நீட்டுவாரு. அவளும், ஏங்க, ஒரு வாய் நீங்க தின்னா கேக் என்ன அழவா போகுதுன்னு கேப்பா. சொல்லிக்கிட்டே திம்பா.

தெரேசா கோயில் பக்கம் ரொம்பப் பேரு போன ஆளு. செத்த வீட்டுல செபமால சொல்றதுக்கு அவளத்தான் கூப்பிடுவாங்க. சில பேரு செபம் சொன்னா கேக்கிற ஆளுக்குத் தூக்கம் வரும். தெரேசா சொன்னா அழுதுக்கிட்டு இருக்கிற ஆளு கூட அழுகைய நிப்பாட்டிட்டு பதில் சொல்லும். அப்பிடி ஒரு தொண்ட. செபமாலயில பத்துப் பத்து மணியா வாற அஞ்சு காரணிக்கமும் புத்தகம் பாக்காம சொல்லுவா.

கிறகரிக்கு மறதி வருத்தம் வந்தப்ப எல்லாரும் சொன்னது ஒண்ணுதான். தெரேசாவா இருக்கப் போய் தாங்குறா, செபம் பண்ற பொம்பள, ஆண்டவரு ஆளப் பாத்துத்தான் சிலுவையக் குடுப்பாருன்னு. மொதல்ல அது அவளுக்கு ஆறுதலா இருந்துச்சி. அவரு சாவிய அரிசிப் பானைக்குள்ள போட்டப்பவும், கடைக்குப் போறேன்னு வெளிக்கிட்டு எதிர்ப்பக்கத்துத் திகன ரோட்டுல நின்னப்பவும், தன் வீட்டு அலுமாரியையே யாரோட வீட்டு அலுமாரின்னு கேட்டப்பவும் அத மத்தவங்களுக்கு அவ சிரிச்சிக்கிட்டுதான் சொன்னா. பிறகு அவரு ராவு பகல் தெரியாம எழும்பித் திரிய ஆரம்பிச்சாரு. குளிக்க வைக்கப் போனா கையத் தட்டி விட்டாரு. ஒரு நாள் இவளப் பாத்து, அக்கா நீங்க எப்ப ஒங்க வீட்டுக்குப் போவீங்கன்னு மரியாதையா கேட்டாரு. அதுக்குப் பொறகு அவ சிரிக்கிறத யாரும் பெருசா பாக்கல.

அவளுக்குள்ள என்னவோ நடந்துச்சி. அது மெதுவா வந்ததால அவளுக்கே தெரியல. காலையில கண்ணு முழிச்சா நெஞ்சு மேல ஈரச் சாக்கு ஒண்ணக் கெடத்துன மாதிரி இருக்கும். தலை சீவுறத விட்டா. கேத்தல அடுப்புல வச்சிட்டு முன்னாலயே நிப்பா, தண்ணி கொதிச்சி வத்துறது கண்ணுக்குத் தெரியும், கை மட்டும் போகாது. அழுகையும் வரல. ஒரு செத்த வீட்டுல நாலாவது காரணிக்கத்துல நின்னுட்டா. மறந்து போகல, வார்த்த எல்லாம் வாய்க்குள்ளதான் இருந்துச்சி, சொல்றதுக்குத்தான் உள்ள ஆள் இல்ல. தொண்ட கட்டிருச்சின்னு சொல்லி எழும்பி வந்தவ, பிறகு யாரு கூப்பிட்டும் போகல. பாவம், புருசன விட்டுட்டு எப்பிடி வாறதுன்னு சனம் அதையும் புண்ணியக் கணக்குலயே சேத்துக்கிச்சி.

அவ யாருக்கும் சொல்லாதது ஒண்ணு இருந்துச்சி. தவக்காலத்துல ஒரு நாள் கிறகரிக்கு சோறு ஊட்டிக்கிட்டு இருந்தப்ப அவரு வாய்ச் சோத்த அவ மூஞ்சியில துப்பிட்டாரு. அவ தொடச்சிக்கிட்டு வீட்டுல வச்சிருந்த ஆண்டவரோட சுரூபத்தப் பாத்து, ஆண்டவரே இந்த மனுசன எடுத்துக்கயேன்னு கேட்டுட்டா. கோவத்துல கேட்டது. ஆனா மறுநாள் கோவமில்லாமலும் கேட்டா. அதுக்குப் பிறகு அது தினச் செபம் மாதிரி ஆயிருச்சி. புருசன் சாகணும்னு மன்றாடுறவ எந்த வாயால நன்மை எடுக்கிறது, ஆண்டவரோட உடம்புன்னு பூசையில குடுக்கிற அந்த அப்பத்த? பாதர்கிட்ட பாவத்தச் சொல்லி மன்னிப்பு வாங்குற பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவும் ஏலல. கோயில்ல அவ தொண்டையத் தெரியாத ஆள் கெடையாது, பங்குச் சாமி ரமேஸ் பாதருக்கும் தெரியும். நீங்களெல்லாம் இருக்கிறதுதான் எனக்குப் பலம்னு சொன்ன பாதர்கிட்ட போய் இதச் சொல்றதா?

அதனால ஞாயித்துக்கிழம பூசைக்குக் கிறகரியக் கூட்டிக்கிட்டுப் போவா, வரிசையில கையப் புடிச்சிக் கொண்டு போய் விடுவா. அவரு கைய நீட்டி அப்பத்த வாங்குன ஒடனே அவரத் திருப்பிக் கூட்டிக்கிட்டு வந்துருவா. தான் எடுக்கிறதில்ல. பின்னால நிக்கிற பொம்பளைங்க என்னன்னு பாத்தா, மாத்திரைக்காகத் தேத்தண்ணி குடிச்சிட்டேன், வெறும் வயித்துலதானே எடுக்கணும்னு சொல்லுவா. ஒவ்வொரு வாரமும் அதே தேத்தண்ணி. ஒருத்தி கேட்டே விட்டா, ஏன் தெரேசாக்கா, ஒங்க வீட்டுல கேத்தல் அடுப்ப விட்டு எறங்குறதே இல்லையான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. தெரேசாவும் சிரிச்ச மாதிரி வாய வச்சிக்கிட்டா.

அப்பிடியே தவக்காலம் போயி, உயிர்ப்புத் திருநாள் போயி, மழையும் வந்திருச்சி.

மகன் கிஷான் கட்டார்ல இருந்து காசு அனுப்பி, அம்மாவுக்குத் துணி கழுவுற மெசின் ஒண்ணு எடுத்துக் குடுத்திருந்தான். ஒரு பக்கம் கழுவுறது, ஒரு பக்கம் புழியிறது. தண்ணி போற குழாயக் கீழ போட்டாத்தான் தண்ணி வடியும். ஒரு திங்கக்கிழம காலையில தண்ணியும் சவுக்காரமும் போட்டு உடுப்பெல்லாம் அமுக்கிட்டு, கிறகரி சட்டையில பென்சில் கிடக்குதான்னு கைய உட்டா. பென்சில் இல்ல. மெத்துன்னு, வட்டமா ஒண்ணு தட்டுப்பட்டுச்சி. அத அவ கண்ணால பாக்கணும்னே இல்ல. புதுநன்மை எடுத்த நாள்ல இருந்து அவ நாக்குக்கும் வெரலுக்கும் தெரிஞ்ச சாமான் அது, நன்மை அப்பம். வெளிய எடுத்தா, பாதியில இன்னும் சிலுவை அடையாளம் இருந்துச்சி. அவ பாத்துக்கிட்டு இருக்கும்போதே ஊறிப் போய் வெரலுக்குள்ளால கரைஞ்சி, சவுக்கார நுரைக்குள்ள விழுந்திருச்சி.

அலுமாரியத் தொறந்து பாத்தா போன கெழம போட்ட சட்டப் பையில இன்னொண்ணு, காஞ்சி, பஸ் டிக்கட்டோட ஒட்டிக்கிட்டு. அதக் கைலேஞ்சியில சுத்தி சுரூபத்துக்கு முன்னால வச்சா. பிறகு மெசினுக்கு முன்னால வந்து நின்னா. இதுக்கு முந்தி எத்தன கெழம கழுவியிருப்பா. அவ்வளவும் குழாய் வழியா வேலி ஓரத்துக் கானுக்குப் போயி, கான் தண்ணி மகாவலியில சேந்திருக்கும். அவரு சாகணும்னு கேட்டேன், ஆண்டவரு என் வீட்டுக்கே வந்தாரு, நான் அவரச் சவுக்காரத்துல போட்டுக் கழுவிட்டேன். இப்பிடித்தான் அவளுக்குப் பட்டுச்சி. தண்டனைன்னா இதுதான்னு நெனச்சா.

குழாயத் தூக்கி மேல ஆணியில மாட்டி, துணி போட்டுக் கட்டுனா. மெசினோட பிளக்கக் கழட்டுனா. உடுப்ப ஒவ்வொண்ணா எடுத்து, ஒரு சொட்டு கீழ விழாம அதுக்குள்ளயே புழிஞ்சா. வெள்ளத் துணி ஒண்ண மேல விரிச்சி மூடுனா. ஒரு கதிரையக் கொண்டாந்து பக்கத்துல போட்டு ஒக்காந்துக்கிட்டா.

புதன்கிழம மகள் தினுஷா வந்துச்சி. அது கட்டுகஸ்தோட்டையில கட்டிக்குடுத்த பிள்ள, வாரத்துல ஒரு நாள் வந்து அப்பாவப் பாத்துட்டுப் போகும். வாசல்லயே மூக்கப் பொத்திக்கிச்சி. சவுக்காரத் தண்ணி நின்னா எப்பிடி நாறும்னு தெரியுந்தானே. என்னாம்மா இதுன்னு துணியத் தூக்கப் போனா, தெரேசா அந்தக் கையத் தட்டி விட்டா. பிள்ளைக்குக் கோவம் வந்திருச்சி.

"அப்பாவுக்குத்தான் வருத்தம்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

அம்மா பதிலுக்கு ஒண்ணும் ஏசல. அதுலதான் தினுஷாவுக்குப் பயம் வந்துச்சி. நல்லாப் பாத்தா, தலை சிக்குப் புடிச்சிக் கிடக்கு, உடுத்தியிருக்கிறது ரெண்டு மூணு நாள் சட்ட, உள்ள அடுப்பு பத்தவே இல்ல. அப்பா மட்டும் சுத்தமா சீவி, பவுடர் போட்டு, விறாந்தையில ஸ்குரூ டின்ன வச்சிக்கிட்டு பெருசு சிறுசு பிரிச்சிக்கிட்டு இருக்காரு. அப்பாவுக்கு என்னாம்மா குடுத்தீங்கன்னு கேட்டா, பாணும் பாலும்னு சொன்னா. நீங்கன்னு கேட்டதுக்கு மெசின் மேல இருந்த துணிய இழுத்துச் சரி பண்ணுனா. அந்தத் தண்ணியில ஆண்டவரு இருக்காருன்னு சொன்னா.

தினுஷா அதுக்கு மேல வாதாடல. வெளிய போயி பாதருக்குப் போன் எடுத்துச்சி.

ரமேஸ் பாதர் அட்டன் பக்கத்துத் தோட்டத்துல பொறந்த பிள்ள. மோட்டார் சைக்கிள்ல வந்தாரு, ஹெல்மட்டக் கையில புடிச்சிக்கிட்டே குசினிப் பக்கம் போயி நின்னு, தெரேசா சொன்னத முழுக்கக் கேட்டாரு. நெத்தி சுருக்கவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. கைலேஞ்சியில இருந்தத மரியாதையா வாங்கித் தன்னோட எடுத்துக்கிட்டாரு. கரைஞ்சி போன அப்பம் இனி அப்பமில்ல அம்மா, அப்பம் இல்லன்னா ஆண்டவரும் அதுல இல்ல, நீங்க ஒண்ணும் அவர நோகடிக்கலன்னு சொன்னாரு. ஆனாலும் தண்ணியக் கான்ல விட வேணாம், கால் படாத மண்ணுல ஊத்துறதுதான் முறைன்னாரு. சொல்லிட்டு கால்சட்டைய முழங்கால் வரைக்கும் மடிச்சிக்கிட்டு அவரே வாளிய எடுத்தாரு.

வேலியோரத்து ஜம்பு மரத்தடிதான் கால் படாத எடம். பாதர் ஒரு வாளி, தெரேசா ஒரு வாளி, தினுஷா மொண்டு குடுக்கிறது. விறாந்தையத் தாண்டித்தான் போகணும். கிறகரி டின்ன விட்டுட்டு இந்த ஊர்கோலத்தப் பாத்துக்கிட்டே இருந்தாரு. பாதர் வாளிய வச்சிட்டு அவருக்குப் பக்கத்துல குந்தி, ஐயா, கோயில்ல நான் குடுத்தத ஏன் சாப்பிடாம பையில வச்சீங்கன்னு கேட்டாரு. ஏசுற மாதிரி இல்ல, நெசமாவே தெரிஞ்சிக்கிறதுக்கு.

கிறகரி கடைக்கு வந்த ஆளுக்குச் சொல்ற மாதிரி நிதானமா சொன்னாரு.

"அது எனக்கில்ல தம்பி. வீட்டுல ஆள் ஒண்ணு இருக்கு. எல்லாரும் எடுக்கிறாங்க, அது மட்டும் எடுக்கிறதில்ல. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." பிறகு தெரேசாவக் கையக் காட்டி, "இந்த அக்காகிட்ட கேளுங்க, இவங்களுக்குத் தெரியும்" னாரு.

தெரேசா கையில இருந்த வாளி அப்பிடியே நின்னுச்சி. தன்ன ஆருன்னே தெரியாத மனுசன்னு அவ நெனச்சிருந்தா. பேரு தெரியல, மொகம் தெரியல. எடுக்காதது மட்டும் தெரிஞ்சிருக்கு. அவ்வளவு பேரு தேத்தண்ணிக் கதையில ஏமாந்தப்ப இவரு ஏமாறல.

பாதர் எழும்பி, நீங்க எப்ப இருந்தும்மா எடுக்கிறதில்லன்னு கேட்டாரு. தினுஷா இதக் கேட்டுட்டு, தான் இருக்கக் கூடாத எடம்னு விளங்கி குசினிக்குள்ள போயிருச்சி. ரெண்டு பேரும் ஜம்பு மரத்தடிக்கு வந்தாங்க. வாளியக் கீழ வைக்காமலேதான் தெரேசா பேசுனா.

"இவரு செத்துறணும்னு கேட்டேன் சாமி. ஒரு நாள் இல்ல, தவக்காலத்துல இருந்து. பிறகு நான் செத்துறணும்னு கேட்டேன். இப்ப ஒண்ணும் கேக்கிறதில்ல. கேக்கிறதுக்கு அங்க ஆள் இருக்கிற மாதிரியே தெரியல."

பாதர் அவ கையில இருந்த வாளிய மெதுவா வாங்கிக் கீழ வச்சாரு. தனக்குத் தானே ஏதும் செஞ்சிக்கிற யோசனை இருக்காம்மான்னு நேரடியாவே கேட்டாரு. அவ இல்லன்னா. இவருக்கு ஊட்டுறதுக்கு வேற ஆள் இல்லையே, அதனாலன்னு சொன்னா. அந்தப் பதில் பாதருக்கு நல்லாப் படல. வெறும் வாளியக் கவுத்துப் போட்டு அது மேல ஒக்காந்தாரு, அவளையும் கல்லுல ஒக்காரச் சொன்னாரு.

இதுல பாவம்னு இருக்கிறதுக்கு இப்பவே, இந்த மரத்தடியிலயே மன்னிப்புக் குடுத்துறலாம்னு சொன்னாரு. ஆனா அவ சொன்னதுல பாவம் கொஞ்சந்தான், மிச்சம் வருத்தம், டொக்டர்கிட்ட காட்டுற நோய்னாரு. சாப்பாடு எறங்காதது, எழும்ப ஏலாதது, அழுக வராதது, செபம் வாயில நிக்கிறது, எல்லாம் அந்த வருத்தத்தோட அடையாளம். தெரேசா நம்பல. வருத்தம்னா அவருக்குத்தான், எனக்கு விசுவாசம் கொறைஞ்சி போச்சின்னா.

"எனக்கு வந்திச்சிம்மா," ன்னாரு பாதர். "மொதல் பங்குல இருந்தப்ப. பீடத்துல நின்னு பூச வைப்பேன், உள்ள ஒண்ணுமே இருக்காது. நானும் விசுவாசம் போச்சின்னுதான் நெனச்சேன். மாத்திர குடிச்சிக்கிட்டுத்தான் பூச வச்சேன். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்ட புடிக்கல."

தெரேசா கல்லுல இருந்து எறங்கி முழங்கால் போட்டா. பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கிட்டு, செத்த வீட்டுல பிரார்த்தன சொன்ன அந்தத் தொண்டையிலயே பாவசங்கீர்த்தனத்த ஆரம்பிச்சா. நடுவுல அழுக வந்திருச்சி. மாசக் கணக்கா வராத அழுக. தினுஷா குசினியில நின்னு கேட்டுச்சி. கிறகரியும் கேட்டிருப்பாரு போல. விறாந்தையில இருந்து, யாரு வீட்டுல சாவுன்னு கேட்டாரு.

பொறகு எல்லாம் ஒரே நாள்ல சரியாப் போச்சின்னு சொன்னா அது பொய். கண்டி பெரியாஸ்பத்திரிக்கு கிறகரியக் காட்டப் போனப்ப தினுஷா அம்மாவுக்கும் ஒரு நம்பர் எடுத்துச்சி. டொக்டர் நோனா, அந்தம்மா சிங்களத்துல கேட்டாங்க, தெரேசா சிங்களத்துலயே சொன்னா. மாத்திர குடுத்தாங்க. மொத ரெண்டு கெழமயும் வாய் காஞ்சதத் தவிர ஒண்ணும் தெரியல. பாதர் கோயில்ல எதையும் அறிவிக்கல. தெரேசா சிலுவையச் சந்தோசமா சுமக்கிறான்னு சொல்லிக்கிட்டு இருந்த பொம்பளைங்கள்ல ரெண்டு பேரக் கூப்பிட்டு, வியாழக்கிழம பின்னேரம் கிறகரியோட இருங்க, தெரேசா தூங்கட்டும்னு மட்டும் சொன்னாரு. செபமால சொல்ல வேணாம், புத்தி சொல்ல வேணாம், ஸ்குரூ பிரிக்கத் தெரிஞ்சா போதும்னாரு. கேத்தலப் பத்திக் கேட்டாளே, அவளும் வந்தா. வந்து தேத்தண்ணியும் ஊத்திக் குடுத்தா.

சட்டப்பையத் தச்சது அப்பதான். பாதர் நன்மைய கையில குடுக்காம நாக்குல வச்சிட்டு, கொஞ்சம் நின்னு பாப்பாரு. தெரேசா போத்தல்ல கொண்டு போற தண்ணியில ஒரு முடக்குக் குடுப்பா. அவரு முழுங்கிருவாரு, பயமில்ல. ஆனா அந்தக் கை சும்மா இருக்கல. பூச முழுக்க சட்டைக்கு மேல தடவும், தச்ச எடத்துல வெரல வச்சித் தேடும், கீழ விழும், திரும்பவும் தேடும். பொறந்து கொஞ்ச நாளான பிள்ள இருக்கிற வீட்டுக்காரங்களுக்கு இது தெரியும். அந்தக் கை காத்துல அலைஞ்சிக்கிட்டே இருக்கும், நம்ம ஒத்த வெரலக் குடுத்தா உலகமே கெடைச்ச மாதிரி புடிச்சிக்கிட்டு அடங்கிரும். அதப் பாத்துக்கிட்டே இருக்கலாம், பசி கூடத் தெரியாது. கிறகரியோட கைக்கு தெரேசா வெரலக் குடுத்துப் பாத்தா. அவரு மரியாதையா ஒதுக்கி விட்டுட்டு, பையத்தான் தேடுனாரு.

தெரேசாவுக்கு இன்னும் சில காலையில எழும்ப மனசில்லாம இருக்கு. காரணிக்கம் அஞ்சும் சொல்ல வாறதில்ல, ஒண்ணு சொல்லுவா, ஏலுமுன்னா ரெண்டு. செத்த வீட்டுக்கு இன்னும் போகல. ஆண்டவரு அங்க இருக்காரான்னு கேட்டா, இருக்கிற மாதிரி சில நாள் தெரியுதுன்னு சொல்லுவா. அதுக்கு மேல சொல்ல மாட்டா. ஆனா ஞாயித்துக்கிழம வரிசையில கிறகரிக்கு அடுத்த ஆளா அவ நிக்கிறா. அவரு முழுங்கிட்டுத் திரும்பிப் பாப்பாரு. அவ வாயத் தொறந்து எடுக்கிற வரைக்கும் நகர மாட்டாரு, பின்னால வரிச நின்னாலும் சரி.

இன்னைக்கும் ஞாயித்துக்கிழம. பஸ் தரிப்புல ரெண்டு பேரும் நின்னாங்க. கிறகரி வெள்ளச் சட்ட போட்டிருந்தாரு, அதுல தையல் இல்ல. நூல் இழுத்த ஓட்டை மட்டும் வரிசையா தெரிஞ்சிச்சி. அவரு கை அந்தப் பைக்குள்ள இருந்துச்சி, ஆடாம, அசையாம. தெரேசா தலையச் சீவி, கொண்டையில ஒரு பூ வச்சிருந்தா. தையல் எங்கன்னு இன்னைக்கும் யாரும் கேக்கல. அவளாத்தான் சொன்னா.

"அவுத்து விட்டுட்டேன். பாவம், கைய வைக்க எடமில்லாம தவிக்கிறாரு. எனக்குன்னு ஒளிச்சிக் கொண்டாரத் தேவையில்லையே இனி, நான்தான் அவரு கண்ணு முன்னாலயே நின்னு எடுக்கிறேனே."